தாள்களின் மேல் ஒரு கல்

போர் வேண்டாம் என்று பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் பேசிவிட்டு கார்னியே ஊர் திரும்பிய அன்று, அவர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தவர்களில் கண்ணாடி பதிக்கும் அன்செல்மும் ஒருவர். நான்கு வருடம் கழித்து, எதிரியின் சிறையில் கிடந்த அன்செல்மின் மகனைக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி மீட்டு வந்தது அதே கார்னியேதான். எந்த முகத்தோடு போய் நன்றி சொல்வது என்று குமைந்துகொண்டிருந்தவர், கார்னியே வீட்டு ஜன்னல் வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டதும் இருப்பதிலேயே நல்ல கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"வாங்க தோழர். போருக்குப் போன பிள்ளைங்க எல்லாம் வீடு வந்து சேரட்டும், அப்புறம் கண்ணாடி மாட்டிக்கலாம்னு விட்டுவெச்சிருந்தேன். உங்களைத்தான் கூட்டிட்டு வரணும்னு சொல்லி அனுப்பினேன்" என்றார் கார்னியே.

மேசையில் படபடத்த தாள்களின் மேல் ஒரு கல் இருந்தது. கல்லில் காய்ந்துபோன மக்கு, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் பசை. அதில் குறுக்கே தழும்பு ஓடும் ஒரு கட்டைவிரல் தடம். அன்செல்ம் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அன்னைக்கு உள்ள வந்து விழுந்தது. இது இல்லேன்னா உங்க பையனுக்காக எழுதினதெல்லாம் காத்துல பறந்திருக்கும்" என்று சிரித்தார் கார்னியே.

அன்செல்ம் கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் மக்கைக் கத்தியால் வழித்து மழமழப்பாக்கினார். விரல் தடம் தெரிய விடுவது அவர் தொழிலில் அவமானம். கடைசி மூலைக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். கார்னியே பார்த்துக்கொண்டிருக்க, ஈர மக்கில் தன் கட்டைவிரலை அழுத்தி, கையை எடுக்காமல் நின்றார்.