பெட்டிகளும் சேர்த்து

"ஃபிலிமை எப்படி மாட்டுறதுன்னுகூட உங்களுக்குத் தெரியலையே. எங்கப்பா ஆரம்பிச்ச ஸ்டூடியோ இது."

குரங்கு கையில் பூமாலையா என்று ஸ்டூடியோக்காரருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஸ்டூடியோவை விலைக்கு வாங்க வந்த தம்பதியோ பேரமே பேசவில்லை.

"பரண்ல இருக்கிற நெகட்டிவ் பெட்டிங்களும் சேர்த்துத்தானே?" என்றாள் மனைவி.

"அது குப்பைம்மா. ஒண்ணுலயும் பேர் எழுதல. அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

கணவன் தலைகுனிந்தபடி சொன்னான்: "எங்க பொண்ணை நீங்கதான் சார் போட்டோ எடுத்தீங்க. வீடு தீப்பிடிச்சதுல அவளும் போயிட்டா, அவ படங்களும் போயிடுச்சு. போன வருஷம் வந்து நெகட்டிவ் கேட்டோம். 'பேரில்லாத குப்பையில தேட எனக்கு வேற வேலையில்லையா'ன்னு அனுப்பிட்டீங்க."

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூடியோக்காரர் ஏணியைக் கொண்டுவந்து பரணில் சாத்தினார்.