கடைசிப் பெட்டி

முடிவைக் கேட்டதும் அழுகிறவர்களையும் மேசையைக் குத்திவிட்டுப் போகிறவர்களையும் அதிகாரி சற்குணா பார்த்திருக்கிறாள். மேம்பாலம் வந்ததால் வேலை போன ரயில்வே கேட் கீப்பர் இருதயராஜ் இரண்டையும் செய்யவில்லை. கொடி பிடிப்பவரைப் போல வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றார்.

"வேலையில்லாக் காலத்துக்கான படி உங்களுக்குக் கிடையாதுங்க. இதுதான் கடைசி முடிவு. இதுக்கு மேல அப்பீல் இல்ல," என்றாள் மறுபடியும்.

"கேட்டுச்சும்மா."

"அப்புறம் எதைப் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"எஞ்சினைப் பாத்து வண்டி போயிடுச்சுன்னு சொல்ல முடியாதும்மா. கடைசிப் பெட்டியோட முதுகுல பெருக்கல் குறி தெரியணும். தெரியலேன்னா, பாதி வண்டி கழண்டு பின்னால எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கேட்டைத் தொறக்கக் கூடாது."

அடுத்தவரை அழைக்கும் மணியின் மேல் சற்குணா விரலை வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே ரயில்வேக்காரர்கள். ஒருவர்கூட அவரை நகரச் சொல்லவில்லை. அவர் பார்த்த பக்கமே அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் கையெழுத்திட்ட தாளை அவள் மெதுவாகத் திருப்பினாள். அதன் முதுகில் எந்தக் குறியும் இல்லை. மணியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.