நிரப்பாத கட்டம்

"நாடு ஏம்மா முன்னேற மாட்டேங்குது? சொல்லு பாப்போம்" என்றார் காசிலிங்கம், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

எதிரே நின்ற தேவிப்பிரியா கையிலிருந்த பழுப்புக் கவரை நீட்டினாள். "சார், நான் வந்தது..."

"இரு, இரு. கவர் எங்கயும் ஓடிப்போயிடாது. நானே சொல்றேன். இந்தக் காலத்துப் புள்ளைங்க ஒருத்தருக்கும் தொழில் ஆரம்பிக்கத் துப்பில்ல. எல்லாருக்கும் கவர்மென்ட் வேலை வேணும். ஃபேனுக்கு அடியில உக்காரணும், மாசம் பொறந்தா சம்பளம் வாங்கணும். அப்புறம் பொருளாதாரம் எங்கருந்து எழுந்திருக்கும்?"

இருபத்தெட்டு வருடமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காசிலிங்கம், சிறுதொழில் புத்துயிர் வாரியத்தின் இயக்குநர். படுத்துக்கிடக்கும் பொருளாதாரத்தைக் கைதூக்கி விடுவதற்கென்றே புதுச்சேரியில் மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கிய வாரியம் அது. இதுவரை ஒரு கார் வந்தது, இரண்டு பீரோ வந்தது, தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை வந்தது. தொழில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இன்று பதினொரு மணிக்கு அவர் தொழில்துறைச் செயலர் முன்னிலையில் பேச வேண்டும். தலைப்பு, 'தேக்கமும் மீட்சியும்'. பதினாறு பக்கம் தயார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி: 'இவ்வாண்டு வாரியத்தால் வேலை பெற்றவர்கள்'. போன வருடமும் அது காலிதான். இந்த முறையும் காலியாக இருந்தால் வாரியத்தை இழுத்து மூடிவிட்டு, இயக்குநரை ஆந்திராவுக்கு நடுவே இருக்கும் புதுச்சேரிப் பகுதியான ஏனாமுக்கு அனுப்பிவிடுவதாகச் செயலர் சொல்லிவிட்டார். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாத காசிலிங்கத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"உன்ன எங்கயோ பாத்திருக்கனே... ஆங்! கருவாடு!"

"கருவாட்டுத் தொக்கு சார். வீட்லயே போட்டு விக்கறதுக்கு மனு குடுத்தேன். பத்து பொம்பளைங்களுக்கு வேலை குடுத்திருப்பேன்."

"குடுக்க வேண்டியதுதானே? யாரு கையப் புடிச்சா?"

"நீங்கதான் சார்" என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. "எங்க வீட்டுப் பத்திரம் பிரெஞ்சுல இருக்கு. அதுல தெருவுக்கு ஒரு பேரு. கரண்ட் பில்லுல தமிழ்ல வேற பேரு. ரெண்டும் ஒரே தெருதான்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வான்னு ஏழு தடவை திருப்பி அனுப்புனீங்க."

டீ கொண்டுவந்த அட்டெண்டர், 'சார்' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்றே சொல்லிப் பழகிய தனிஸ்லாஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன் முசியே. தெருமுனை போர்டுல பிரெஞ்சுப் பேரும் தமிழ்ப் பேரும் ஒண்ணாவே இருக்கு. போய்ப் பாத்தாலே தெரியும்."

"அட்டெண்டர் சொல்றதெல்லாம் ஃபைல்ல ஏத்த முடியுமாய்யா? ரூல்படி அது ரெண்டு தெரு, ரெண்டு வீடு. ஒரு வீட்டுக்குப் பத்திரம் இருக்கு, கரண்ட் இல்ல. இன்னொரு வீட்டுக்குக் கரண்ட் இருக்கு, பத்திரம் இல்ல. எந்த வீட்டு அடுப்புல கருவாடு வேகும்? நீயே சொல்லு!"

தனிஸ்லாஸ் டீயை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மணி பத்தே முக்கால். காசிலிங்கத்தின் கண், காலிக் கட்டத்தில் போய் நின்றது. அப்புறம் தேவிப்பிரியாவின் மேல் நின்றது. பத்து பெண்கள் என்றாளே! அடடா, லட்டு மாதிரி ஒரு பத்து!

"யோவ் தனிஸ்லாஸ்! அந்தக் கருவாட்டு ஃபைல எடுத்தாய்யா!"

காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த ஃபைலைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தனிஸ்லாஸ் அதை உருவியதும் ஜன்னல் படாரென்று அடித்தது. காசிலிங்கம் தூசியை ஊதினார், புரட்டினார், போட்டார் கையெழுத்து. மூன்று வருடமாக நகராத வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

"புடி! தெரு ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்ன? துணிஞ்சு முடிவெடுத்தாதான் பொருளாதாரம் ஓடும். போ, இன்னிக்கே அடுப்பப் பத்த வை!"

அவள் கையை நீட்டவில்லை. "வேணாம் சார்."

"வேணாமா? ஏம்மா, வெளையாடறியா? பத்து பேரு பொழப்பும்மா!" காசிலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ரூல் இருக்கே சார். இனிமே நான் சொந்தத் தொழில் பண்ணக்கூடாது." அவள் மறுபடியும் அந்தப் பழுப்புக் கவரை நீட்டினாள். "மொதல்ல இதப் பாத்துடுங்க. காப்பி உங்களுக்கும் வந்திருக்கணும்."

மேஜை ஓரத்தில் பத்து நாள் தபால் பிரிக்காமல் குவிந்து கிடந்தது. காசிலிங்கம் கவரைக் கிழித்துப் படித்தார். பணி நியமன ஆணை. பதவி, இளநிலை எழுத்தர். அலுவலகம், சிறுதொழில் புத்துயிர் வாரியம்.

"ஒவ்வொரு தடவையும் காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் உக்கார வச்சீங்களே சார், அந்த வராண்டா பெஞ்சுலயே பரீட்சைக்குப் படிச்சு முடிச்சேன்" என்றாள் தேவிப்பிரியா. "ஆர்டர் எந்தத் தெருவுக்கு அனுப்புனாங்களோ தெரியல, கரெக்டா வீட்டுக்கு வந்துடுச்சு. என் சீட் எது சார்?"

காசிலிங்கம் அவளைப் பார்த்தார், ஆணையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர, பதினாறாம் பக்கத்தைத் திருப்பி, 'இவ்வாண்டு வாரியத்தால் வேலை பெற்றவர்கள்' என்ற கட்டத்தில் குண்டு குண்டாக எழுதினார்: 'ஒருவர்.'