நடு ஸ்பீக்கர்

திரையில் ஜெனின் வாயைத் திறந்தபடி நின்றான். ஹரிகுமார் படத்தை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தான்.

எதிரே சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த லிஜி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனின் அவள் புருஷன். மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன். உடல்கூடக் கரை சேரவில்லை.

அதை அவள் சொன்னதும் ஹரிகுமார் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான்.

கருங்கல் ஊரில் ஹோம் தியேட்டர் கடை போட்ட நாளிலிருந்து, வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் அவன் போட்டுக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். பின்னால் கடல் இரையும். மீன்பிடி வள்ளத்தில் கை வைத்து நிற்கும் ஓர் ஆள் ஹீரோவைப் பார்த்து ஒரே ஒரு வசனம் பேசுவான். "பாத்தியளா, பேச்சு எப்படித் தெளிவா நிக்கின்னு?" என்பான் ஹரிகுமார். அவன் வாயே பாதி விற்றுவிடும், மீதியை அந்த ஆள் விற்றுக் கொடுப்பான். செத்துப்போனவனை வைத்து வியாபாரம் பண்ணுகிறோம் என்று அவன் கண்டானா?

"கடல் நமக்குத் தாய் மாதிரி சார். கோவிச்சாலும் சோறு போடும்."

இதுதான் வசனம். இந்தக் கரையில் எவனும் அப்படிப் பேசமாட்டான். பேசினால் பக்கத்தில் நிற்கிறவன் சிரித்தே வலையை விட்டுவிடுவான். சென்னையில் ஏசி அறைக்குள் நின்று யாரோ கட்டைக் குரலில் பேசி ஒட்ட வைத்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெனினுக்கு ஆண்டுப் பூசை. பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். வந்தால் டிவியில் இந்தக் காட்சியைப் போடாமல் இலை முன்னால் உட்காரமாட்டார்கள். செபம் சொல்வதுபோல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

ஜெனின் போனபோது வயிற்றில் இருந்த மகள் ஷெர்லி, படத்தோடு சேர்ந்து அந்த வசனத்தை அதே கட்டைக் குரலில் சொல்வாள். அப்பன் குரல் அதுதான் என்று குழந்தை நம்பிவிட்டது. கூடியிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். லிஜி மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷமும் அடுக்களைக்குள் ஒளிந்துகொள்ள அவளுக்கு மனமில்லை. அந்தப் படம் ஏற்றிய பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பாவம், புருஷனின் சொந்தக் குரலைத் தேடி வந்திருக்கிறாள் என்று ஹரிகுமார் நினைத்தான். பொய் சொல்லி அனுப்பவும் மனசு வரவில்லை.

"இஞ்ச பாரு மக்கா, இது டப்பிங். உன் மாப்பிள குரல் இதுல எங்கயும் கெடையாது. எவ்வளவு அடியில தோண்டினாலும் கெடைக்காது."

"அடியில உள்ளத நான் கேக்கல்ல அண்ணா. மேல உள்ள இந்தக் குரல எடுத்துக் களஞ்சு தருவியளா?"

அது முடிகிற காரியம்தான். இந்த மாதிரிப் படங்களில் பேச்சு முழுக்க டிவிக்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரில் வரும். வாத்தியமும் காற்றும் கடலும் மற்ற சத்தங்களும் சுற்றியிருக்கும் ஸ்பீக்கர்களில் வரும். முதலில் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும், பிடித்தால் கம்ப்யூட்டரில் ஏற்றி அதேபோல் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஹரிகுமார் குனிந்து நடு ஸ்பீக்கரின் வயரை உருவினான். காட்சியைப் பின்னுக்கு இழுத்து ஓட்டினான்.

கடல் இரைந்தது. ஒரு வயலின் மெல்ல இழுத்தது. தலைக்குப் பின்னால் காக்கை கத்தியது.

ஜெனின் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். ஒன்றும் வரவில்லை.

ஹரிகுமார் திரையை விட்டு ஓரடி தள்ளி நின்றான். இத்தனை நாள் ஸ்பீக்கர் விற்றுக் கொடுத்த முகமா இது? நேரே தன்னைப் பார்த்து, தனக்கு எட்டாத எதையோ சொல்லப் பார்ப்பதுபோல் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. வயரைத் திரும்பச் செருகிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

லிஜி அழுவாள் என்று பார்த்தால், அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது இடப்பக்க ஸ்பீக்கரில் டொக், டொக் என்று கேட்டது.

ஜெனினின் கைதான். விரலை மடக்கி வள்ளத்தின் பலகையில் இரண்டு தட்டு. இத்தனை வருஷத்தில் ஹரிகுமார் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வசனம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

லிஜியும் விரலை மடக்கினாள். சோபாவின் மரக்கையில் இரண்டு தட்டு தட்டினாள், உள்ளே வேலையாக இருக்கிறவள் 'இந்தா வாறேன்' என்று சொல்கிற வேகத்தில்.

ஹரிகுமார் வயரைக் கையில் பிடித்தபடி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்படித்தான் என்னைக் கூப்பிடுவாரு. அவருக்குப் பேச்சு கெடையாதுல்லா அண்ணா, பெறந்ததுலேருந்தே" என்றாள் லிஜி. "சும்மா வாய அசைச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்னு படக்காரங்க சொன்னதுனாலதான் போய் நின்னாரு."