ஒன்பதாம் பக்கம்

ஒன்பதாம் பக்கத்தின் நான்காவது வரிக்கு வந்ததும் அஃப்ஷாவின் குரல் நின்றது.

அதுவரைக்கும் அந்தச் சிகிச்சைச் சம்மதப் படிவத்தைத் தட்டுத் தடுமாறித்தான் வாசித்துக்கொண்டு வந்தாள். தாராவியில் இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்து வாப்பா வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. 'ஒவ்வாமை' என்பதற்கே மூன்று தடவை எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மரணம்.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பிரேமலதா இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு, பேனா நுனியால் வரிவரியாகக் கூடவே வந்துகொண்டிருந்தார். சம்மதத்தைப் பதிவு செய்ய மூலையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் வாப்பா இனாயத்துல்லா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணு கூசுது, நீயே வாசி என்று காலையில் அவர்தான் சொல்லியிருந்தார்.

வாப்பாவின் கழுத்துக் கட்டி மூன்று தடவை கரைந்தது. மூன்று தடவையும் திரும்பி வந்தது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். இனி கீமோவில் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது இந்தச் சோதனைச் சிகிச்சைதான். இரண்டு ஆன்டிபாடி மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவார்கள். தனித்தனியாக மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றுதான் இப்போது பார்க்கிறார்கள். இந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம் பாக்கி. இன்று கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை முதல் டோஸ்.

போன நோன்புக்கு முன்னால், கட்டி இரண்டாவது தடவை திரும்பியபோது, வேறொரு டாக்டர் முகத்துக்கு நேரே 'ஆறு மாசம்' என்றார். வாப்பா எழுந்தார். நேராகத் தன் தோல்பை ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அஃப்ஷா சாப்பிடாமல் கிடந்துதான் அவரைத் திரும்பக் கூட்டிவந்தாள்.

உம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் எழுந்துவிடுவார்.

அஃப்ஷா அந்த வரியைத் தாண்டி ஐந்தாவது வரியை வாசித்தாள். முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும்.

டாக்டரின் பேனா நான்காவது வரியிலேயே நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. காதுமடல் சுட்டது. பத்தாம் பக்கம், பதினொன்று, பன்னிரண்டு. டாக்டர் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நினைத்துக்கொண்டே கடைசி வரியையும் முடித்தாள்.

டாக்டர் வாப்பாவின் பக்கம் திரும்பினார். "இந்த மருந்தால என்னென்ன ஆகலாம்? உங்க வார்த்தையிலே சொல்லுங்க, பாய்."

போச்சு என்று நினைத்தாள் அஃப்ஷா. அவருக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் டாக்டரே அந்த வரியை வாசித்துக் காட்டுவார். மேசைக்கு அடியில் வாப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வாப்பா கண்ணைத் திறந்தார்.

"காய்ச்சல் வரும். குளிரு நடுக்கும். பிரஷர் இறங்கும். புத்தி தடுமாறி, பேரு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியாமப் போவலாம்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"மௌத்தாவும் போவலாம்."

அவள் தாண்டிவிட்ட அந்தச் சொல்லை அவளைப் பார்த்துத்தான் சொன்னார். நாற்காலியை விட்டு அசையவில்லை.

டாக்டர் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். வாப்பா பேனாவை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எல்லாவற்றிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கேமராவை நிறுத்திவிட்டு வந்த டாக்டர், அஃப்ஷாவிடம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"அப்பா போன வியாழக்கிழமையே தனியா வந்து, இங்கே உட்கார்ந்து ரெண்டு தடவை முழுசா வாசிச்சிட்டார்மா. மககிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரல, அவளே வாசிக்கட்டும்னு கேட்டுக்கிட்டார்."