பன்னிரண்டாம் அத்தியாயம்

"சார், உங்க தொடருக்குக் கடிதம் மூட்டை மூட்டையா வருது!" என்று பத்திரிகை ஆசிரியர் கைபேசியில் குதூகலித்தார். "போன வாரம் வரைக்கும், 'பொண்டாட்டியை அடிச்சாலும் அவனே மருந்து போடுறானே, பாவம்'னு உருகினவங்க, இப்ப பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் படிச்சிட்டு அந்தப் பொண்டாட்டியைக் கொண்டாடுறாங்க!"

"அவனை மன்னிச்சதுக்குத்தானே?" என்று எழுத்தாளர் பெருமிதத்துடன் வினவினார்.

"மன்னிச்சாளா? பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாளே! எழுதினதே மறந்துபோச்சா?"

எழுத்தாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் அவ்வாறு எழுதவே இல்லை. அவருடைய கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் உலகில் ஒருத்திதான். இருபது ஆண்டுகளாக அதை அழகாகப் பிரதியெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புபவள் அவருடைய மனைவி.

"ஏய், இங்க வா!" என்று அதட்டினார்.

 கைபேசியும் கையுமாக அறை அறையாகத் தேடினார். காலையில் அவளுடைய உதட்டுக் காயத்துக்கு அவர்தாம் மருந்து தடவிவிட்டிருந்தார். வழக்கம்போல அழவும் செய்திருந்தார். இப்போது அவளுடைய துணி அலமாரி காலியாகக் கிடந்தது.

"சார், இருக்கீங்களா? அவ திரும்பி வருவாளா மாட்டாளான்னு வாசகிங்க துளைச்செடுக்குறாங்க. என் காதுல மட்டும் சொல்லுங்களேன்!"

எழுத்தாளர் அலமாரியின் கதவை மெல்லச் சாத்தினார்.

"எனக்குத் தெரியலையே..." என்றார்.