டேமேஜுன்னு ஒதுக்கிட்டியே

வெள்ளியங்கிரி கையைத் தூக்கியதும் கிதார் நின்றது. டிரம்மும் நின்றது.

பாட்டில் இந்த இடம் வந்தால் அவன் பாட மாட்டான். கூட்டம்தான் பாடும். மங்கலத்திலிருந்து வீரபாண்டி வரைக்கும் எந்த மேடையிலும் அப்படித்தான்.

"ஒத்தச் சொல்லும் சொல்லாம
டேமேஜுன்னு ஒதுக்கிட்டியே!"

ஆயுத பூசை மத்தியானம். நல்லூரில் லிங்கசாமி முதலாளியின் பனியன் கம்பெனி. கழுவித் துடைத்த மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. மடியில் பொரிப் பொட்டலத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் கத்தியதில் தகரக் கூரை அதிர்ந்தது.

கத்தி முடித்ததும் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

செக்கிங் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாரதாமணியின் பக்கம்.

வெள்ளியங்கிரி தன் செருப்பைப் பார்த்தான்.

'ஓவர்லாக் பாய்ஸ்' என்று தையல் மிஷின் பேரை வைத்துக்கொண்டு, பகலில் பனியன் தைத்துச் சாயந்திரம் பாடுகிற மூன்று பேர் அவர்கள். போன தீபாவளிக்குக் கேசட் போட்டார்கள். அதில் இந்த ஒரு பாட்டு டீக்கடை, மினி பஸ், கல்யாண வீடு என்று போகாத இடமில்லை.

பாட்டு என்னவோ கூத்தும் கும்மாளமுமாகத்தான் ஓடும். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்கிற செக்கிங்காரி ஒருத்தி. தன்மேல் உயிரையே வைத்திருந்த தையல்காரனை அவள் டேமேஜ் பீஸோடு சேர்த்துத் தள்ளிவிட்டாளாம். அவளுக்குப் புருவத்தில் மச்சமாம்.

சாரதாமணியின் பேரைப் போடவில்லை, அவள் மச்சத்தைப் போட்டான். அதற்குப் பேரையே போட்டிருக்கலாம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாட்டு ஓடியதில் அவனுக்குப் பேர் கிடைத்தது. அவளுக்கும் கிடைத்தது, திமிர் பிடித்தவள் என்று. பஸ் ஸ்டாப்பில் பையன்கள் பின்னால் நின்று பாடினார்கள். கம்பெனி மாறினாள். அங்கேயும் ஸ்பீக்கரில் அதே பாட்டு. பெண் பார்க்க வந்தவர்கள், பாட்டில் வருகிற பிள்ளையா இது என்று காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு இடத்திலிருந்து வருகிறார்களாம். கிதார் வாசிக்கிற பொங்கியண்ணன் காலையில்தான் சொன்னான். மாப்பிள்ளையின் பெரியம்மா ராமுத்தாய் இதே கம்பெனியில் அயர்ன் போடுகிறாளாம். இதோ, முன்வரிசையில் பொரி மென்றுகொண்டிருக்கிறாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வெள்ளியங்கிரிக்கும் குறுகுறுத்தது. பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டான். கூட்டம் பாடி முடித்த இடைவெளியில் மைக்கில் சொல்லிவிடுவது: 'இந்தப் பாட்டுல வர்றது யாருமில்லீங்க. சும்மா கற்பனைங்க.'

ராமுத்தாய் காதில் விழுந்தால் போதும். சாரதாமணிக்குக் கல்யாணம் நடக்கும். பண்ணிய பாவத்தில் பாதியாவது கழியும். அதை நினைத்ததும் நல்லவனாகிவிட்டது போலக்கூட இருந்தது.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனான்.

சாரதாமணி எழுந்து நின்றாள்.

கோபித்துக்கொண்டு போகப் போகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் போகவில்லை. பொரிப் பொட்டலத்தை டேபிள்மேல் வைத்தாள். நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், பாடினாள்.

அதே ராகம். அதே இரண்டு வரி. குரல் நடுங்கவில்லை.

பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆனால் அவள் இரண்டு வரியோடு நிறுத்தவில்லை.

"ஒருக்கா வெளிச்சத்துல புடிச்சுப் பாரு,
ஓட்டை எங்கன்னு சொல்லு."

பாடிவிட்டு உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எங்கிருந்தோ ஒரு கைதட்டல், அதைத் தொடர்ந்து கம்பெனியே தட்டியது. முதலாளி சிரித்த சிரிப்பில் அவர் வேட்டியெல்லாம் பொரி. ராமுத்தாய் மெல்லுவதை நிறுத்திவிட்டு சாரதாமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கியண்ணன் காதோரம் குனிந்தான். "நல்லா இருக்குதுடா. நம்ம ராகத்துல அப்படியே உக்காருது. இந்தப் புள்ளைக்கு எப்படித் தோணுச்சு?"

வெள்ளியங்கிரி மைக்கை வாயிலிருந்து இறக்கினான். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது.

அந்த வரிகளை அவன் புதிதாகக் கேட்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால், இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இருந்தபோது, நல்லூர் பஸ் ஸ்டாப்பில், என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டவள் அவள்தான். கூட நின்ற பையன்கள் கேலி பண்ணுவார்களே என்று பயந்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்த பஸ்ஸில் ஏறிப் போனவன் அவன். மறுநாள், மறுபடி தைக்கச் சொல்லி செக்கிங்கிலிருந்து அவன் மிஷினுக்குத் திரும்பி வந்த பீஸ்களுக்குள் அவள் ஒரு சீட்டை மடித்து வைத்திருந்தாள்.

அதில் நாலு வரி இருந்தது. முதல் இரண்டையும் பாட்டாக்கிக்கொண்டான். ஓட்டை எங்கே என்று கேட்ட கடைசி இரண்டையும் சீட்டிலேயே விட்டுவிட்டான்.